‘தா’வா, ‘டா’வா?

“பொண்ணு பேரு தாலியான்னா, எங்க பையன் பேரை மெட்டின்னு போட்டுருங்களேன். சோடி சரியா இருக்கும்.”

கைப்பேசியில் இந்தக் குரல் வந்தபோது நான் கடையில் நின்றபடியே பசியாறிக்கொண்டிருந்தேன். கையில் ரொட்டி சானாயின் கடைசித் துண்டு. அதை வாயில் போடுவதா, பதில் சொல்வதா என்று தெரியவில்லை. போட்டுவிட்டேன். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

பேசியவர் போர்டிக்சனிலிருந்து சரோஜா அம்மாள். மாப்பிள்ளையின் தாயார். அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததில்லை.

தம்பின் ஊர்ச் சந்தையான பாசாருக்குப் பின்னால் எனக்கு ஓர் அச்சுக்கடை இருப்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கருமக்கிரியை எல்லாவற்றுக்கும் தமிழில் பத்திரிகை அடித்துக் கொடுப்பவன். இரண்டு வாரங்களுக்கு முன் சாவுப் பத்திரிகையில் உயிரோடிருப்பவர் படத்தைப் போட்ட கதையைச் சொன்னேன். அதைப் படித்த பிறகும் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

இந்த வாரமும் தப்பு என்னுடையதுதான்.

முதல் நாள் மாலை அழைப்பிதழின் மாதிரியை இரண்டு வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். நட்ட நடுவில், தங்க நிறத்தில், பெரிய எழுத்தில் மணப்பெண்ணின் பெயர்: திருநிறைச்செல்வி தாலியா.

பெண்ணின் பெயர் டாலியா. பூவின் பெயர். ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் ‘தாலியா’ என்று இருந்தால் அது பெயராகவா படிக்கும்? கேள்வியாகத்தான் படிக்கும்.

வாய் சொன்னபடி எழுத்து

நம் ஊரில் தமிழ் அச்சுக்காரனின் பெரிய தலைவலி பெயரின் முதல் எழுத்துதான். டத்தோ என்ற பட்டத்துக்கு ‘ட’. தாமான் என்கிற குடியிருப்புக்கு ‘த’. இதற்கெல்லாம் பழகிய வழி உண்டு. ஆட்களின் பெயர் வரும்போது அந்த வழி பாதியில் நின்றுவிடும். டேவிட்டைத் தாவீது என்று எழுதுகிற குடும்பமும் உண்டு. அப்படி எழுதினால் சண்டைக்கு வருகிற குடும்பமும் உண்டு.

ஆகவே என் வழக்கம், வீட்டாரையே கேட்பது. அவர்கள் வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுத்து. பெண்ணின் அம்மா அஞ்சலையிடம் போனில் கேட்டேன்.

“அஞ்சலை, ‘தா’வா, ‘டா’வா?”

“தாதாண்ணே. தா, லி, யா” என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் இருந்த எஸ்டேட் தோட்டத்தில் எல்லாருக்கும் அது தாலியாப் பூதான். தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியரும் பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டார். ஆறு வருடம் அந்தப் பெண் தாலியாவாகவே படித்தாள். திடலில் பிள்ளைகள் “தாலியா, வேலியா, வீடு காலியா” என்று பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் தொல்லை விட்டது. அங்கே தமிழ் எழுத்துக்கே வேலை இல்லை. ஒரே வகுப்பில் மூன்று டாலியாக்கள். மற்ற இருவரும் மலாய்ப் பெண்கள். யாரும் பாட்டுக் கட்டவில்லை.

சரோஜா அம்மாளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “என் தப்புங்க. ‘டா’ போட்டா சரியாப் போயிரும்” என்றேன்.

“டாவா? வர்ற மருமவள வாசல்லயே வாடா போடான்னு கூப்புடுறதா?”

“அப்படி இல்லீங்க…”

“நீங்க ‘டா’வே போட்டாலும் சனங்க ‘தா’ன்னுதான் படிக்கும். மண்டபத்துல மைக்குப் புடிக்கிறவரு என்ன சொல்வாரு தெரியுமா? ‘இப்போது தாலியாவுக்குத் தாலி’ன்னுவாரு. அவ்ளோதான், மண்டபமே சிரிக்கும்லா. தனலெட்சுமின்னு போடுங்க. எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு, பேரை நாங்க வச்சுக்கிறோம். சனிக்கிழமைக்குள்ள மாத்தலைன்னா எங்க பக்கத்துக்கு நாங்களே தனியா கார்டு அடிச்சுக்கிறோம்.”

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை, இரண்டு பத்திரிகையில் இரண்டு மணப்பெண். இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் அடித்ததில்லை.

செனாவாங்கிலிருந்து ஒரு மோட்டார்

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு டாலியா என் கடைக்கு வந்துவிட்டாள். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மோட்டாரின் பின்னால் அம்மா. இறங்கியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

“அங்கிள், இதுல என்ன இருக்கு, படிங்க.”

“டாலியா.”

“எட்டு வருசமா சூப்பர்வைசர்லேர்ந்து கூட்டுற அக்கா வரைக்கும் இதைத்தான் கூப்புடுறாங்க. ஒருத்தரும் சிரிக்கல.”

“தமிழ்ல எழுதலைல்ல, அதான்” என்றார் அஞ்சலை.

“அம்மா, நீங்க எந்தப் பக்கம்?”

அஞ்சலை பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்ற பக்கம்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“உங்க மச்சான் செத்தப்ப வந்தவளுங்க என்ன பேசுனாளுங்கன்னு உங்களுக்குத் தெரியாதுண்ணே. ‘புள்ளைக்குத் தாலியான்னு பேரு வச்சான், பொண்டாட்டிக்குத் தாலி இல்லாமப் பண்ணிட்டான்’னா ஒருத்தி. கையில காப்பிக் கோப்பையை வச்சுக்கிட்டே சொன்னா. காப்பி நான் போட்டது.”

அஞ்சலையின் கணவர் சின்னத்தம்பி இறந்தபோது டாலியாவுக்கு நான்கு வயது. பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டிருந்தேன். அதில் மட்டும் எழுத்துப் பிழை இல்லை.

“அப்பா வச்ச பேரும்மா அது” என்றாள் டாலியா. “அப்பாகிட்டேர்ந்து எனக்கு வேற என்ன இருக்கு? போட்டோன்னா அவரு அடையாளக் கார்டு ஐசில உள்ளது ஒண்ணு. அதுலயும் பாதி மூஞ்சி அழிஞ்சு போச்சு.”

“மாப்பிள்ளை என்ன சொல்றாரு?” என்று கேட்டேன்.

“அவரு டிராபிக் லைட்டு மாதிரி அங்கிள். ரெண்டு பக்கமும் பச்சை. அவங்கம்மா சொல்றதும் சரியாம், நான் சொல்றதும் சரியாம்.” சிரித்தாள். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. “என் பேரு இல்லாத கார்டுல எனக்கு எப்படிக் கல்யாணம்? தனலெட்சுமிதான் வேணும்னா தனலெட்சுமியக் கட்டிக்கட்டும். சனிக்கிழமை நானே சொல்லிர்றேன், கல்யாணம் வேணாம்னு.”

சொல்வாள் என்றுதான் தோன்றியது. மின்விசிறிக் காற்றில் மேசைமேல் இருந்த மாதிரித் தாள்கள் படபடத்தன. அவற்றின்மேல் ஸ்டாப்ளரை எடுத்து வைத்தேன். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

நான்கு கிழங்கு

பிறகு அஞ்சலை, யாரும் கேட்காமலே, ஒரு கதையைத் தொடங்கினார்.

சின்னத்தம்பி தோட்டத்தில் மேனேஜர் பங்களாவுக்குத் தோட்டக்காரர். புல் வெட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, வேலியைச் சீர்செய்வது. மேனேஜரின் மனைவி கேமரன் மலையில் டாலியாப் பூவைப் பார்த்துவிட்டு வந்து, பங்களா வாசலிலும் அது வேண்டும் என்றிருக்கிறார். நம் பக்கத்துச் சூட்டுக்கு அது எங்கே வரும்? சின்னத்தம்பியும் வராது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்தம்மா விடவில்லை. கோயில் ஆட்கள் பஸ் பிடித்துக் கேமரன் மலைக்குப் போனபோது இவரும் போய், நான்கு கிழங்கை வாங்கிப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

“கெழங்குன்னா திங்கிற ஊபின்னுதானண்ணே நெனைப்பேன்? எனக்கு அப்ப அஞ்சு மாசம். வாய்க்கு எதாச்சும் கேட்டுக்கிட்டே இருக்கும். மூணை அவிச்சு மொளகாச் சம்பலோட தின்னுட்டேன்.”

டாலியா நிமிர்ந்து பார்த்தாள். அவளும் இதைக் கேட்பது முதல் தடவை.

“எப்படி இருந்துச்சு?” என்றேன். தொழில் வேறானாலும் நாக்கு நாக்குதானே.

“சப்புன்னு இருந்துச்சு. தண்ணிக் கெழங்கு. சம்பலாலதான் எறங்குச்சு.”

நான்காவதில் ஒரு முளைக்கண் விட்டிருந்ததால், நட்டுவைக்கலாம் என்று அஞ்சலை ஓரமாக எடுத்து வைத்திருக்கிறார். மதியம் வந்த சின்னத்தம்பி சட்டியை எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை.

“‘துரைசானி வாசல்ல பூக்க வேண்டியது உன் வயித்துல பூக்கப் போவுது’ன்னாரு. அதோட சரி. அந்த ஒண்ணை பங்களாவுக்குக் கொண்டுபோவல. செடி வரலன்னு சொல்லிட்டாரு. நாங்க இருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால பைப்படி நெழல்ல நட்டாரு. நீ பொறந்த வாரம் பூத்துச்சு. ஒரே ஒரு பூ. தேத்தண்ணிக் கோப்பை வாய் அளவு. கரும் செவப்பு. ஆஸ்பத்திரிக்குப் பறிச்சுக்கிட்டு வந்தாரு. ‘மூணைத் தின்னுட்ட, மிச்சம் ஒண்ணு, அது பேரையே வச்சிருவோம்’னாரு. மறு வருசம் அந்தக் கெழங்கும் அழுகிப் போச்சு.”

“இதை ஏம்மா எனக்குச் சொல்லவே இல்ல?”

“பூவத் தின்னவன்னு சொல்லிச் சிரிப்பாங்கன்னு…”

“என்னைய வயித்துல வச்சுக்கிட்டு என் பேரையே தின்னுருக்கீங்க!”

முதலில் சிரித்தவர் அஞ்சலைதான். அப்புறம்தான் நாங்கள். பக்கத்துச் சாவிக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கிழங்கைத் தின்னலாம் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பூ பிறந்த மெக்சிகோ நாட்டில் அந்தக் காலத்தில் தின்றிருக்கிறார்கள். கடல் தாண்டி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்களும் உருளைக்கிழங்கைப் போல ஆகுமா என்று தின்று பார்த்துவிட்டு, சப்பென்று இருக்கிறதே என்று பூவுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்களாம். அஞ்சலை நாக்குக்கு எட்டிய அதே ருசி. அவர்களுக்குச் சம்பல் இல்லை, அவ்வளவுதான்.

பருப்புக்காரர் பேர்

டாலியா கைப்பேசியை எடுத்துப் பூவைத் தேடினாள். தன் பெயரை இருபத்தொன்பது வருடமாகச் சுமக்கிறவள், அது எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் பார்க்கிறாள். நாமும் அப்படித்தானே. நம் பெயரை நாம் தேடிப் பார்ப்பதில்லை. யாராவது பிடுங்க வந்தால்தான் பார்க்கிறோம்.

“ஒரு ஆளு பேராம்மா. ஸ்வீடன்ல செடி கொடி படிச்ச ஒருத்தரு. டால்னு பேரு.”

“டாலா? ரொட்டி சானாய்க்கு ஊத்துற டாலா?”

“அது பருப்பும்மா.”

“அதான் கேக்குறேன். பருப்புக்காரரா?”

“அவங்க பாசையில டால்னா பள்ளத்தாக்காம்.”

“அப்படிச் சொல்லு. நாம இருந்ததும் பள்ளத்து லயந்தான” என்றார் அஞ்சலை, பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடைத்தவர் போல.

அந்த டால் அந்தப் பூவைக் கண்டுபிடித்தவர் இல்லை. வளர்த்தவரும் இல்லை. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த பூவுக்கு, அங்கிருந்த தாவர அறிஞர் ஒருவர் பெயர் தேடியபோது, சற்று முன்னால் இறந்துபோயிருந்த இவருக்கு மரியாதையாக இவர் பெயரை வைத்திருக்கிறார். பெயருக்கு உரியவர் அதைக் கேட்கவே இல்லை. அதற்கும் முந்தி, பூ பிறந்த ஊரில் அதற்கு வேறு பெயர். குழாய்த்தண்டுச் செடி என்பதுபோல ஒரு பொருள். தண்டு உள்ளே குழலாக இருக்கும் அல்லவா, அதைப் பார்த்து வைத்த பெயர்.

கதை அதோடு முடியவில்லை. ஜெர்மனியில் இன்னொரு பெரிய படிப்பாளி, டாலியா என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு செடிக்கு இருக்கிறது, ஒரே பெயர் இரண்டுக்கு ஆகாது என்று சொல்லி, வேறு ஓர் ஆளின் பெயரைத் தூக்கி இந்தப் பூவுக்கு வைத்துவிட்டார். சில காலம் அந்தப் புதுப் பெயர் ஓடியது. பிறகு பழைய பெயரே திரும்பி வந்துவிட்டது. ருஷ்யாவில் மட்டும் இன்றைக்கும் அந்த இரண்டாவது பெயர்தானாம்.

ஒரே பெயர் இரண்டு பேருக்கு வந்தால் நம் தோட்டங்களில் யாரும் பெயரைப் பிடுங்கியதில்லை, ஒட்டுப் போடுவார்கள். காலையில் பெயர் கூப்பிடும் எங்கள் பிரட்டுக்களத்தில் மூன்று லெட்சுமிகள். ரொட்டி லெட்சுமி, பைப்படி லெட்சுமி, மண்டோர் திட்டுன லெட்சுமி. மூன்றாமவரை வேலை வாங்கும் மண்டோர் திட்டியது ஒரே ஒரு நாள்தான். ஒட்டு அவர் சாகும்வரை இருந்தது. ஆனால் வீட்டுக்குள் கதை வேறு. அங்கே ஒட்டுப் போட முடியாது. அது சனிக்கிழமைதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை

சரோஜா அம்மாள் தனியாகவே பஸ் ஏறி வந்தார். தொலைபேசிக் குரலை வைத்து ஆள் பெரிய உருவம் என்று நினைத்திருந்தேன். சிறிய உடம்பு. குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு, அது விழாதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். டாலியாவும் அஞ்சலையும் எனக்கு முன்னாலேயே வந்து கடை வாசலில் காத்திருந்தவர்கள்.

“என்னாண்ணே, மாத்திட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க. நீங்க பேசி முடிங்க.”

“நான் என்ன, கேக்கக் கூடாததையா கேட்டுட்டேன்?” என்று டாலியாவின் பக்கம் திரும்பினார். “பேருதான? ஐசில எது வேணும்னா இருந்துட்டுப் போவட்டும். கார்டுல, வீட்டுல தனலெட்சுமி. ஒரு பூவுக்கு எந்தப் பேரைச் சொன்னா என்ன, பூ பூதானே?”

“பூவுக்கும் மாத்திப் பாத்தாங்க அத்தை” என்றாள் டாலியா. குரலில் முன்பு கடைக்கு வந்தபோது இருந்த சூடு இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத் தயாராக வந்தவளின் அமைதி அது. “ஜெர்மனில ஒருத்தரு. வேற பேரு வச்சாரு. கொஞ்ச நாளு ஓடுச்சு. அப்புறம் பழசே வந்துருச்சு.”

“எதுக்காம் மாத்துனான்?”

“அந்தப் பேருல ஏற்கெனவே ஒரு செடி இருந்துச்சாம். ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரே பேரு கூடாதுன்ற மாதிரி.”

சரோஜா அம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“எங்க மாமியாரும் அதைத்தான் சொன்னாங்க” என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

“நான் பொறந்தப்ப காத்தாயி. கட்டிக்கிட்டு வந்து பாத்தா மாமியாரும் காத்தாயி. ‘உன்னைப் பேரு சொல்லித் திட்டுனா எனக்கில்ல ஒறைக்கும்’னாங்க. அன்னைக்கே சரோஜா ஆயிட்டேன். யாரு வச்சது, ஏன் சரோஜா, ஒண்ணும் தெரியாது.”

“கஷ்டமா இருந்துச்சா அத்தை?”

“கஷ்டம் என்னா கஷ்டம்? சரோஜான்னு கூப்புட்டா திரும்பமாட்டேன். வேற யாரையோ கூப்புடுறாங்கன்னு நெனைச்சுக்குவேன். செவுடின்னு திட்டு விழும். ஆறு மாசம் ஆச்சு, அது நான்தான்னு பழக.” சிரித்தார். “செத்தா போயிட்டேன்?”

“இப்ப யாராச்சும் காத்தாயின்னு கூப்புடுறாங்களா?” இதைக் கேட்டவர் அஞ்சலை.

“எங்கண்ணன் கூப்புடும். அதுவும் போய்ச் சேந்துருச்சு. இப்ப கிளினிக்குல கூப்புடுறாங்க. சுகர் மாத்திரை எடுக்கப் போனா நம்பரு சொல்லிட்டு, ஐசில உள்ளபடி ‘கத்தாயி’ம்பா அந்த மலாய்க்கார நர்சு. கால் இல்லாம. கத்தாயி. அதுக்கே சட்டுன்னு எந்திரிச்சிருவேன்.”

டாலியா குனிந்து, சட்டையில் பெயர்ப் பட்டை குத்தும் இடத்தைப் பார்த்தாள். அன்று வேலைக்குப் போகாததால் சட்டையில் பட்டை இல்லை. ஆனாலும் பார்த்தாள்.

“டாவே போடுங்கண்ணே” என்றார் சரோஜா அம்மாள், என் கணினித் திரையைப் பார்த்தபடி. “மைக்குக்காரருகிட்ட நான் சொல்லிக்கிறேன். சிரிக்கிறவன் சிரிச்சுட்டு சாப்புட்டுப் போவட்டும்.”

மாற்றினேன். ஒரு விசை, இன்னொரு விசை. திருநிறைச்செல்வி டாலியா. டாலியா அதைப் படம் எடுத்துக்கொண்டாள், யாராவது திரும்பவும் அழித்துவிடுவார்கள் என்பதுபோல. மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். இரண்டு பச்சை விளக்குக்காரரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

அச்சுக்கு அனுப்பப் போனேன்.

“இருங்க. ரெண்டு பேரு உள்ளவங்களுக்கு எப்படிப் போடுவீங்க?” என்றார் சரோஜா அம்மாள்.

“நடுவுல ஒரு ‘எ’ போடுவோம். என்கிறன்னு அர்த்தம்.”

“எனக்குப் போட்டுக் காட்டுங்க.”

மாப்பிள்ளையின் பெற்றோர் பெயர் இருந்த வரிக்குப் போனேன். சரோஜா (எ) காத்தாயி என்று தட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

“எது முன்னால வந்துச்சு?”

“நீங்கதான் சொல்லணும்.”

“காத்தாயிதான் முன்னால.”

இடம் மாற்றினேன். காத்தாயி (எ) சரோஜா. விரலைத் திரையில் வைத்து, எழுத்தெழுத்தாக நகர்த்திப் படித்தார். முதல் எழுத்துக்குப் பக்கத்திலிருந்த காலின்மேல் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“இதுல ஒண்ணும் கொழப்பம் இல்லையே? ‘கா’ ஒண்ணுதானே?”

“ஒண்ணுதாங்க” என்றேன்.